அந்துவான் கேட்ட சத்தம்

போன வாரம் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு கவர் வந்தது. என் மகள்தான் பிரித்துப் படித்தாள். பாதியில் நிறுத்தி, "அப்பா, அந்துவான் மாமா போயிட்டாராம். அடக்கமும் ஆயிடுச்சாம்" என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு ஓசூர் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். இனி யாரைப் பார்க்கப் போவது என்று திரும்பி வந்துவிட்டேன்.

எங்கள் கல் குவாரியில் அவரோடு இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். மலைமேலிருந்து கல் இறக்கும் இரும்பு வடமும் தொட்டியும் பிரான்சிலிருந்து வந்தன. கூட வந்த புத்தகமும் பிரெஞ்சு. இன்ஜினியருக்காக அதை இங்கிலீஷில் எழுத வந்தவர் அந்துவான். நான் வடம் பார்க்கும் மேஸ்திரி. எட்டாவதில் இரண்டு வருஷம் உட்கார்ந்து பெஞ்சைத் தேய்த்தவன்.

ஒரு சொல்லை எழுதுமுன் அந்தச் சாமானைத் தொட்டுப் பார்ப்பார். வெள்ளைச் சட்டை முழுக்க கிரீஸ்.

"இந்த வடத்தோட புரியைப் பிரிச்சுக் காட்டுங்க மேஸ்திரி. உள்ளே சணலா, கம்பியா?"

"மிசியே, எழுத வந்தீங்களா, வடம் திரிக்க வந்தீங்களா?" என்பேன். மிசியே என்றால் பிரெஞ்சில் ஐயா.

தெரியாத சொல்லுக்கு இடம் விட்டுவிடுவார். வடத்தின் நுனியைப் பற்றிய வரியில் அப்படி ஓர் இடம். மெஷின் என்றால் எண்ணெய்தானே என்று, டைப் அடிப்பவரிடம் அந்த இடத்தில் 'எண்ணெய் விடவும்' என்று போடச் சொன்ன மேதாவி நான்.

மறுநாள் நான் தொட்டியில் ஏறி நிற்கிறேன். டைப் அடித்த தாளோடு அந்துவான் ஓடி வந்தார். "இறங்குங்க மேஸ்திரி!" இன்ஜினியர் கத்தியும் அவர் அசையவில்லை, தொட்டியை ஓட விடவில்லை. பஸ் பிடித்து பாண்டிச்சேரிக்குப் போய், பழைய கப்பல்காரர் ஒருவரிடம் அந்தச் சொல்லைக் கேட்டு மூன்றாம் நாள் வந்தார். வடத்தின் நுனியை ஈயம் உருக்கி ஊற்றிப் பிடித்திருக்கும் இரும்புக் குப்பியின் கழுத்தைச் சோதிக்க வேண்டுமாம். கிரீஸைச் சுரண்டினோம். பாதிக் கம்பிகள் அறுந்திருந்தன.

எண்ணெய் என்று போடச் சொன்னது நான்தான் என்றேன். அவர் திட்டவில்லை. "தெரியாததுக்கு இடம் விடலாங்க. தெரிஞ்ச மாதிரி எழுதினா ஆள் விழுந்துடும்" என்றார்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு கடிதம் போட்டார். 'வடம் அறுமுன் ஒரு சத்தம் வரும் என்கிறது புத்தகம். நான் கேட்டதில்லை. நீங்கள் கேட்டவர். எப்படி இருக்கும்?' என் கோழிக்கிறுக்கலுக்கு வெட்கப்பட்டு, நாளைக்கு நாளைக்கு என்று பதில் போடாமல் நான்கு மாதம் ஓட்டினேன். அவர் படுக்கையில் இருந்தது எனக்குத் தெரியாது.

அந்தச் சத்தத்தைப் பற்றி அவர் இங்கிலீஷில் எழுதிய தாளைத்தான் அவர் மனைவி கவரில் வைத்து அனுப்பியிருக்கிறார். ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால், 'மேஸ்திரி சொல்வார்.'

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கடிதமும் இந்தத் தாளும்தான்.

சொல்கிறேன் மிசியே. மெல்லிய சத்தம். ஒரே ஒரு தரம். பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும்.