காமர்ஸ் கிடைக்காதவர்கள்

எங்கள் சங்கரன்கோவில் கல்லூரியில், காமர்ஸில் இடம் கிடைக்காதவர்கள்தான் நான் நடத்தும் எகனாமிக்ஸில் வந்து சேருவார்கள். அந்த எரிச்சல் எனக்கு எப்போதும் உண்டு. ஒருநாள் வகுப்பில், பிரான்ஸில் எகனாமிக்ஸ் பேராசிரியை ஒருவர் மந்திரியான செய்தியை வேண்டுமென்றே உரக்க வாசித்தேன்.

“எந்தத் தொகுதி மேடம்?” என்றாள், புளியங்குடி எலுமிச்சை வியாபாரியின் மகள்.

“எலெக்‌ஷன்ல நிக்கவே இல்ல. படிப்பைப் பாத்துக் கூப்பிட்டிருக்காங்க” என்றேன்.

“ஒரு போஸ்டர்கூட ஒட்டலியா?” அவளோடு சேர்ந்து வகுப்பே வாயைப் பிளந்தது.

மறுவாரம் காமர்ஸில் ஓர் இடம் காலியானது. சேர்ந்த நாளிலிருந்து அதைக் கேட்டு என்னை நச்சரித்தவள் அவள்தான். கூப்பிட்டுச் சொன்னேன்.

“வேண்டாம் மேடம். கணக்கு எழுதுததுக்கு, மந்திரி ஆன பொறவு ஆள் வச்சுக்கிடுதேன்.”