அம்மாவின் தொண்டையில் நின்ற முள்

கடலோர ஆலந்தலையில் பிறந்தவர்களுக்கு மீன்முள் ஒரு பொருட்டே இல்லை. சோற்றை உருட்டி விழுங்கினால் இறங்கிவிடும். நான் நான்காம் வகுப்புப் படித்தபோது அம்மாவின் தொண்டையில் சிக்கியது மட்டும் இறங்கவில்லை. சோற்றுருண்டை, வாழைப்பழம், அக்கம்பக்கத்தார் சொன்ன வெந்நீர் எல்லாம் அதைத் தாண்டிப் போயின, முள் நின்றது. அம்மா இளைத்துக்கொண்டே வந்தாள். தூத்துக்குடியில் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், தொண்டையில் ஒன்றுமே இல்லை என்றார்.

"அவருக்கு என்ன தெரியும்? குத்துதது எனக்குல்லா," என்றாள் அம்மா.

மாமா, அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. முள் சிக்கியதற்கு முந்தின நாள், அவருக்குப் பெண் பார்த்து, பெண்வீட்டாரை வரவழைத்திருந்தாள். அவர்கள் வந்து நடுவீட்டில் உட்கார்ந்திருக்க, மாமா சத்தமில்லாமல் கடலுக்குக் கிளம்பிவிட்டார். அம்மா கரைக்கு ஓடினாள், பின்னால் நான். வள்ளம் அலையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"போலே! அப்படியே போயிரு, திரும்பி வராத!"

மாமா சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். மறுநாள் அவர் கொடுத்தனுப்பிய சாளை மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டபோதுதான் முள் சிக்கியது. அதன்பிறகு மாமா ஏச்சுக்குப் பயந்துகொண்டு வீட்டுப் பக்கமே வரவில்லை.

எங்கள் கிறிஸ்தவ வேதத்தில் தொண்டைக்கென்றே ஒரு புனிதர் உண்டு. அவர் திருநாளில் பங்குச்சாமி இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகக் கழுத்தில் வைத்து ஆசீர்வதிப்பார். வைத்து எடுத்த பிறகும் அம்மா முழந்தாளிலிருந்து எழவில்லை. கடலுக்குப் போகிறவனிடம் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டதையும், அதன்பிறகு தினமும் அவன் வள்ளம் கரை சேர்ந்ததென்று செல்போனில் யாராவது சொல்லும்வரை எச்சில்கூட இறங்காததையும் அழுதுகொண்டே சொன்னாள்.

"ஆண்டவர் எப்பவோ மன்னிச்சிட்டாரும்மா," என்றார் சாமி. "தம்பிகிட்ட சொன்னியா?"

"ஏளா, வா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா நேரே கரைக்கு நடந்தாள். வலையைச் சரிசெய்துகொண்டிருந்த மாமா, அவளைக் கண்டதும் எழுந்து ஓடப் பார்த்தார்.

"ஓடாதலே, நான் ஏச வரல. அன்னைக்கு உன்னத் திரும்பி வராதன்னு சொல்லிட்டேன்லா. மன்னிச்சிரு ராசா."

மாமா விழித்தார். "எப்பக்கா சொன்ன? இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. பாத்துப் போயிட்டு வான்னு சொல்லுதன்னு நெனச்சுல்லா கையைக் காட்டினேன்!"

அம்மா மணலில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். மாமா அவள் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். அன்று மதியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். மெழுகுவர்த்தி முள்ளை உருக்கிவிட்டது என்று பள்ளிக்கூடம் முழுக்க நான்தான் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த நாள் விடியலில் மாமா கடலுக்குக் கிளம்பியபோது, அம்மா அவர் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்துவிட்டு, கையை எடுக்காமல் கொஞ்சநேரம் நின்றாள். மீன் நிறையப் படுவதற்காக என்று நினைத்துக்கொண்டேன். ஓடிப்போய் என் நெற்றியையும் காட்டினேன்.

எனக்கு அன்று கணக்குப் பரீட்சை.