ரேச்சல் பதில் சொன்ன ஃபோன் கோல்

ஹெயார் ஸ்பிரே மணமும் ஸ்டீம் அயர்ன் சூடும்... எங்கேயாவது இரண்டும் சேர்ந்து மணந்தால், நான் பழையபடி ரொறன்ரோவின் அந்தத் தியேட்டருக்குள் போய் நிற்பேன்.

ஒப்பெராப் பாடகர்களுக்கு உடுப்பு மாற்றிவிடுவது என் வேலை. எனக்கு வந்து வாய்த்தவள் ரேச்சல். அமெரிக்காக்காரி, இளம் பெட்டை, முதல் வேஷம். வேலைக்காரியாக வந்து நாலு வரி பாட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அவள் விட்ட எடுப்பைப் பார்க்க வேண்டும்! ஷோ நாளில் தொண்டை கெட்டுவிடுமாம். மேடை ஏறும்வரை வாயே திறக்கமாட்டாள். எல்லாம் ஒரு சின்ன நோட்பேட்டில் எழுதித்தான் காட்டுவாள்.

அது ஊரில் சண்டை முடிந்த வைகாசி. அம்மா வவுனியாவில் முகாமில் இருக்கிறா என்று யாரோ கண்டு சொன்னதுதான்... குரல் கேட்கவில்லை. மேடைப் பக்கம் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. அதனால் ரேச்சலின் அறையில் வைத்துவிட்டு ஓடித் திரிவேன்.

ஒரு மத்தியான ஷோ. நான் பக்கத்து அறையில் ஒருத்திக்குக் கொக்கி பூட்டிக்கொண்டிருந்தேன். ரேச்சல் ஓடிவந்து வாயைத் திறந்தாள்!

"யுவர் மதர் கோல்ட்... இற் கட் ஓஃப்." அம்மா ஃபோன் எடுத்தாவாம், லைன் அறுந்துபோச்சாம்.

"அடி விசரி, என்னைக் கூப்பிட்டிருக்கலாமே!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

ஃபோனோடு வெளியே வந்தால் லைன் போய்விடும் என்று பயந்தாளாம். என்னிடம் கேட்டுப் பழகிய இரண்டு சொல்தான் அவளுக்குத் தெரியும். "ஓம்", "அம்மா". அதையே மாறி மாறிச் சொல்லியிருக்கிறாள். அம்மாவும் நான்தான் என்று நினைத்துவிட்டா.

ரேச்சல் நோட்பேட்டை நீட்டினாள். பாஷை தெரியாத பாட்டைக் காதால் கேட்டுப் பாடமாக்குவதுதானே அவளின் தொழில்! கேட்டதை அப்படியே ஆங்கில எழுத்தில் கிறுக்கியிருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"பிள்ளை... நான் இருக்கிறன். அழாதை. சாப்பிட்டியே?"

அம்மாவின் அதே இழுவை. நடுவில் வரும் அந்தச் சின்னச் செருமல்கூட...

அடுத்த கோல் வரவே இல்லை. ஆடியில் காய்ச்சல் வந்து, முகாமிலேயே அம்மா போய்விட்டா. என்னோடு கதைத்த நிம்மதியில் போனா என்று மனதைத் தேற்றுவேன். ஆனால் கதைத்தது நான் இல்லையே...

இப்போது பக்கத்து மார்க்கம் நகரில் இருந்து என் மகள், "அம்மா, ரோட்டில ட்ராஃபிக்" என்று சொல்வதற்கே வொய்ஸ் நோட் போடுகிறாள். அம்மாவின் குரலோ ஒரு கசெற்றில்கூட இல்லை.

ரேச்சல் இப்போது தன் ஊரில் பாட்டு ரீச்சர். போன கிழமை வீடியோவில் வந்தாள். கூச்சத்தோடுதான் கேட்டேன். அவள் நோட்பேட்டைத் தேடவில்லை, கண்ணை மூடினாள்.

"பிள்ளை... நான் இருக்கிறன். அழாதை. சாப்பிட்டியே?"

"ஓம் அம்மா," என்றேன். "சாப்பிட்டிட்டன்."