எங்கே என்று கேட்காத வீடு

சித்திரை பிறக்க ஒரு கிழமை இருந்தது. நாங்கள் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனில் நடைபாதைப் பனி கரைந்து, குளிர்காலம் முழுக்க நாய்கள் போட்டு வைத்ததெல்லாம் வெளியே வந்திருந்தது. மனிசர் குளிர்ச் சப்பாத்துகளைக் கட்டி உள்ளே வைக்கிற காலம். அந்த நேரம் பார்த்துத்தான் என் மருமகனுக்கு, மலையில் மிச்சமிருக்கிற பனியில் ஸ்கீ என்கிற சறுக்குக் கட்டைகளைப் போட்டு ஏறி, அந்தப் பனிக்கு மேலேயே கூடாரம் அடித்துப் படுத்துவிட்டு வர வேண்டும் என்று ஆசை வந்தது.

அவர் சென்னைப் பிள்ளை. இங்கே படிக்க வந்து, டவுன்டவுனில் கணினி வேலை எடுத்து, என் மகளையும் கட்டிக்கொண்டவர். கெட்டிக்காரர், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இருபத்துமூன்று வயதுவரை பனியைக் குளிர்பெட்டிக்குள் மட்டும் கண்ட மனிதர் எனக்குப் பனியைப் பற்றி வகுப்பு எடுத்தால் எப்படி இருக்கும்? “மாமா, ஸ்பிரிங் ஸ்னோ செம்மையா இருக்கும்” என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

எனக்கு ஸ்கீ தெரியும். சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். அகதியாக வந்த முதல் இரண்டு குளிர்காலமும் ஒரு மலை விடுதியின் குசினியில் கோப்பை கழுவினேன். வேலையாட்கள் படுக்கிற கொட்டில் விடுதிக்கு மேலே, மரங்களுக்குள் இருந்தது. இடுப்பளவு பனி. பெரிய சமையல்காரன் ஒரு பழைய ஸ்கீச் சோடியை என் முன்னால் எறிந்து, இதைப் போட்டுக்கொண்டு வா, பிந்தி வராதே என்றான். விழுந்தெழும்பிப் பழகினேன். எனக்கு அது சப்பாத்து, அவ்வளவுதான். அதையே விளையாட்டு என்று வந்து குதித்த விருந்தாளிகளைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். முப்பது வருடம் கழித்து அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு என் பிள்ளையையே கொடுத்துவிட்டு இருக்கிறேன்.

வழக்கமாக அவரோடு போகிற நண்பனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஆபத்தில் செய்தி அனுப்புகிற கருவியும் அந்த நண்பனிடம்தான். பரவாயில்லை, தனியாகப் போகிறேன் என்று மருமகன் ஒற்றைக்காலில் நின்றார். ஏழு மாத வயிற்றோடு மகள் எனக்குப் போன் எடுத்து அழுதாள்.

“அப்பா, நீங்கள் கூடப் போங்கோ. அவர் என்ரை சொல்லுக் கேக்கிறாரில்லை. எனக்கு அவர் முழுசாத் திரும்பி வரவேணும்.”

“உனக்கென்ன விசரே பிள்ளை? அறுபது வயசு எனக்கு. முழங்கால் வேறை.”

“சில் வூ ப்ளே, அப்பா.”

அவள் பிரெஞ்சில் கெஞ்சத் தொடங்கினால் என் கதை முடிந்தது. மருமகனை முழுசாகக் கொண்டுவந்து அவளிடம் ஒப்படைப்பது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன்.

சனிக்கிழமை விடிய நானும் மனைவியும் லொங்குய்யில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். மனைவி மகளோடு நிற்பதாக ஏற்பாடு. மருமகன் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார். சுடுதண்ணீர் ஊற்றினால் பிரியாணியாகுமாம் ஒரு பொடி. பாரம் குறைய வேண்டுமென்று பல்துலக்கும் பிரஷின் பிடியைப் பாதியாக வெட்டியிருந்தார். சீ, இதுவும் ஒரு வாழ்க்கையா? நான் மனைவி அவித்த புட்டையும் தேத்தண்ணிப் போத்தலையும் என் பைக்குள் வைத்தேன்.

அவர் சாமான்களைக் காரில் ஏற்றுகிற நேரம் குளிர்பெட்டிக் கதவில் அந்தத் தாளைக் கண்டேன். காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். கார் எங்கே நிற்கும், எந்தப் பாதையால் ஏறுவோம், கூடாரம் எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவோம், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. எங்கள் வீட்டில் வெளிக்கிடுகிற ஆளிடம் எங்கே என்று கேட்கிற பழக்கமே கிடையாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. என் மனைவி இத்தனை வருடத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. அறிந்தே ஆகவேண்டும் என்றால் “தூரமோ?” என்பாள், அதோடு சரி. இவர் என்னவென்றால் போகிற இடத்தையும், வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதி, பிள்ளைத்தாச்சியின் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டிவிட்டுப் போகிறாராம், மரண அறிவித்தல் ஒட்டுவது போல. நான் தாளை எடுத்து மடித்து என் ஜாக்கெட்டின் உள்பைக்குள் வைத்தேன். மகள் இன்னும் எழும்பவில்லை.

“வடிவாப் போட்டு வாங்கோ” என்றாள் மனைவி. வேறொன்றும் கேட்கவில்லை.

நான்கு மணி நேரம் கார் ஓடி மலையடிக்குப் போனோம். அங்கே எங்கள் காரைத் தவிர வேறு கார் இல்லை. புத்தியுள்ளவர்கள் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். ஸ்கீக்கு அடியில் வழுக்காமலிருக்க ஒரு மயிர்ப்பட்டியை ஒட்டிக்கொண்டு பின்னேரம்வரை ஏறினோம். இரவு விறைத்துப்போய்க் கிடந்தேன். காலையில் என் புட்டுக் கல்லாகியிருந்தது. அவர் அதைத் தன் பிரியாணித் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, “சூப்பர் மாமா” என்று வழித்துச் சாப்பிட்டார். எதற்கும் கோபம் வராத மனிதரைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் கூடும்.

ஞாயிறு மத்தியானம் இறங்கும்போது முழங்கால் கொதித்தது.

“இன்னும் எவ்வளவு தூரம் சுத்துறது தம்பி? நேரை இறங்க ஒரு வழியில்லையோ?”

“ஓடைப் பக்கமா போனா கிட்டதான் மாமா. ஆனா இந்த சீசன்ல ஐஸ் மெலிசா இருக்கும்.”

“நான் முப்பது வருசமாப் பாக்கிற பனி. நீங்கள் போங்கோ.”

அவர் கைத்தடியால் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு முன்னால் போனார். நடு ஓடையில் பனி பொறிந்து உள்ளே விழுந்தார். இடது ஸ்கீ கற்களுக்குள் மாட்டிக்கொள்ள, உடம்பு மற்றப் பக்கம் திரும்பியது. கால் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பைப்பட்டியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டேன். அவருடைய போன் தண்ணீரோடு போய்விட்டது. என் போனில் சிக்னல் இல்லை.

முகம் வெளுத்துக் கிடந்தவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

“டென்ஷன் ஆகாதீங்க மாமா. ஆறு மணிக்கு நாம வரலேன்னா அவ அந்தப் பேப்பரப் பாத்து போன் பண்ணிடுவா. ஆள் வந்துடும்.”

ஐயோ, அந்த நேரம் என் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று எப்படிச் சொல்ல? தாள் அந்த நெஞ்சோடுதான் ஒட்டிக்கொண்டு இருந்தது.

“தம்பி, பேப்பர் அங்கை இல்லை. நான் எடுத்திட்டன். வெளிக்கிடேக்கை எங்கை எண்டு சொல்லக்கூடாது...”

அந்த ஓடைக்கரையில் சொல்லும்போது அது என் காதுக்கே விசர்க்கதையாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தபடியே கிடந்தார். பேசியிருந்தால், தூஷணத்தால் திட்டியிருந்தால் பாரம் குறைந்திருக்கும்.

“இப்ப உங்ககிட்ட இருக்கா?” என்றார்.

“இருக்கு.”

“அப்ப சரி. பின்னாடி வழி வரஞ்சிருக்கேன். நீங்கதான் போகணும் மாமா.”

அவரைச் சுற்றிக் கூடாரத்தை அடித்து, இரண்டு படுக்கைப் பைகளாலும் போர்த்தி, மிச்சத் தேத்தண்ணியைப் பருக்கினேன். பிறகு தாளை விரித்தேன். அடியில் மகளுக்கு ஆங்கிலத்தில் நான்கு வரி இருந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால் பெரிய மலைக்குப் போகவில்லை, சின்னப் பாதையால்தான் போகிறோம், ஓடைப் பக்கம் போகவே மாட்டோம், அவரை முழுசாகத் திரும்பக் கொண்டுவருவேன், பயப்படாதே என்று எழுதியிருந்தார். நான் அவருக்குக் காவல் என்று நினைத்துக்கொண்டு போன விசரன்.

அந்த முழங்காலோடு இறங்கினேன். எத்தனை தரம் விழுந்தேன் என்று தெரியாது. பிந்தி வராதே, பிந்தி வராதே என்று அந்தச் சமையல்காரன் சொன்னதைச் சொல்லிச் சொல்லி இறங்கினேன். கார் நின்ற இடத்தில் சிக்னல் வந்தது. பொழுது படுவதற்குள் மீட்புக்காரர்கள் அவரைச் சறுக்குவண்டியில் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மகள் அவரைக் கிழி கிழி என்று கிழித்தாள். “பேப்பர் ஒட்டினனான் எண்டீங்கள், எங்கை? வெறும் காந்தம்தான் இருந்தது!” அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, “ஒட்ட மறந்துட்டேன்” என்றார். நான் வாய் திறக்கவில்லை. தூ, என்ன மனிசன் நான்.

பேரப்பிள்ளை பிறந்தது. கால் பொருந்தியது. ஒரு வருடம் முழுக்க, கதை வரும்போதெல்லாம் மகள் அந்த மறதியைச் சொல்லி அவரைக் குத்துவாள். அவர் சிரிப்பார். நான் பக்கத்திலிருந்து தேத்தண்ணி குடிப்பேன்.

இந்தச் சித்திரையில் அவர் மறுபடி வெளிக்கிட்டார். ஸ்கீக்காரரைப் பற்றிய என் அபிப்பிராயத்தில் மாற்றமில்லை, திருந்தாத கூட்டம். மகள் வாசலில் நின்று, “இந்த முறையாவது மறக்காமல் ஒட்டுங்கோ” என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“அவர் மறக்கேல்லை. நான்தான் எடுத்தனான்.”

ஒரு வருடமாக ஜாக்கெட்டின் உள்பைக்குள்ளேயே கிடந்த பழைய தாளை எடுத்துக் கொடுத்தேன். அவள் கடைசி வரிவரை வாசித்தாள். அதற்குப் பிறகு இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

மூன்றாம் கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் முகத்தைப் பார்க்காமலே குசினிக்குள் இருந்தாள். பால் முடிந்துவிட்டது என்று நான் சப்பாத்தைப் போட்டுக் கதவைத் திறந்தேன். படியில் கால் வைக்கிற நேரம் உள்ளேயிருந்து கத்திக் கேட்டாள்.

“அப்பா! எங்கை போறியள்?”

“இஞ்சை, வெளிக்கிடேக்கை உப்பிடியோ பிள்ளை கேக்கிறது!” என்று மனைவி பதறினாள்.

நான் திரும்பி வந்து குசினி வாசலில் நின்று, எந்தக் கடை, எந்தத் தெருவால் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.