மோதாத கட்டர்

கணினி சொல்கிறபடி இரும்பைக் குடையும் இயந்திரங்களுக்கு ஒத்திகை பார்க்கும் மென்பொருள் எழுதுவது என் வேலை. சுழலும் கட்டர் நகர்ந்து போகும் வழியில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு போகிறது என்று அது கணக்கிடும். அந்த இடத்தில் வேறெதுவும் குறுக்கிட்டால் திரையில் சிவப்பாகக் காட்டும்.

என் அக்கா காரைக்குடியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறாள். அந்த மாதிரி ஒரே ஒரு சி.என்.சி. மிஷின். நான் விடுமுறைக்குப் போயிருந்த சமயம், புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் ஹவுசிங் விரிசல் விட்டு மில்லே நின்றுபோனது. குடைந்து வாங்கிப் போக, புது இரும்பு வார்ப்பை ஆட்டோவில் போட்டுக்கொண்டு மில்காரரே வந்துவிட்டார். அக்கா அதைக் கிளாம்ப் போட்டு இறுக்கி மிஷினை ஓடவிட்டாள். யாரும் கேட்காமலே அவளுடைய புரோகிராமை என் லேப்டாப்பில் ஏற்றினேன். மில்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும்.

திரையில் கிளாம்பின் மூலை சிவந்தது. "அக்கா, மோதப் போகுது" என்றேன். அவள் வாயைத் திறப்பதற்குள் மிஷினை நிறுத்தும் பொத்தானை அடித்துவிட்டேன். சுழற்சி சட்டென்று நின்றதில் கட்டர் வார்ப்புக்குள்ளேயே ஒடிந்து நின்றது. வார்ப்பும் வீண்.

"படிச்ச புள்ள பக்கத்துல இருக்கப் போயி மிஷின் தப்புச்சு" என்று மில்காரர் அக்காவிடம் சொன்னார். அக்கா ஒடிந்த துண்டைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. கிளாம்பைச் சுற்றிக் கட்டர் வளைந்து போக வேண்டும். சீக்கிரம் கணக்கிடுவதற்காக என் மென்பொருள் அந்த வளைவை நேர்கோட்டுத் துண்டுகளாக எடுத்துக்கொண்டிருந்தது. கோடுதான் மூலையில் இடித்தது. கட்டர் விலகித்தான் போயிருக்கும்.

"இல்லண்ணே, மோதியிருக்காது. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றேன். காதெல்லாம் சுட்டது.

"சரி விடு தாயி" என்ற மில்காரர், ஆட்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மில்லுக்குப் போன் போட்டார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மறுநாள் வேறு வார்ப்பு வந்தது. வீட்டிலேயே இருந்துவிட நினைத்தேன், அக்கா விடவில்லை. ஓடவிடும் முன் என் முகத்தைப் பார்த்து, "ஓட்டவா?" என்றாள். அதில் கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். தன் மிஷினை ஓட்ட அவள் என்னிடம் கேட்கும்படி ஆக்கிவிட்டேனே என்று கூசிப்போனேன். சரியென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

கட்டர் கிளாம்பைத் தொடாமல் வளைந்து போனது. அக்கா அதைப் பார்க்கவில்லை, நிறுத்தச் சொல்வேனோ என்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.