எதையும் வைத்துக்கொள்ளாத மண்

எங்கள் மண் பரிசோதனைக் கூடத்தில் அவளைச் சல்லடை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வயல்களிலிருந்து பையில் வரும் மண்ணை நிழலில் உலர்த்தி, கட்டி உடைத்து, சலித்துத் தருவது அவள் வேலை. அதில் எவ்வளவு பூச்சிமருந்து மிச்சமிருக்கிறது என்று பார்ப்பது என் இயந்திரத்தின் வேலை. அலட்டிக்கொள்வது என் வேலை.

மதிய வெயில் ஜன்னல் வழியே வந்து அவள் கிளப்பிய தூசியில் மிதக்கும். ஒரு சிட்டிகை மண்ணை நனைத்து, கண்ணை மூடி, விரல்களுக்கிடையே தேய்ப்பாள். எங்கோ போய்விடுவாள். "களிமண்ணு. மகா கஞ்சம். மருந்து மாட்டுச்சுன்னா லேசுல விடாது" என்பாள். மட்கு நிறைந்த கறுப்பு மண் என்றால் முகமே இளகிவிடும். "இது மடியில வெச்சுக்கும். உள்ள இருக்கற கண்ணுக்குத் தெரியாத உசுருங்க மெல்லத் தின்னு தீர்க்கும்." தூக்கத்தில் பேசுவது போலிருக்கும். கிண்டல் செய்வேன், காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

ஒருநாள் அவள் தம்பி தன் தோட்டத்து மண்ணைக் கொண்டுவந்தான். மூன்று வருடமாக உருளைக்கிழங்குக்கு மருந்து தெளித்த நிலம். மனைவிக்கு ஏழாம் மாதம். அங்கே விளைவதை அவளுக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் கொடுக்கலாமா என்பதே அவன் கவலை. மறுவாரம் முடிவு வந்தது. மருந்தின் சுவடே இல்லை. நானே அவனுக்குக் கைகொடுத்தேன்.

"அப்பாடா. இனிமே நிம்மதியா தூங்குவேன்க்கா" என்றான்.

அக்கா தட்டில் மீந்த மண்ணை அள்ளினாள். அது முழுவதும் விரலிடுக்கில் வழிந்துபோனது.

"வெறும் மணலுடா. இது எதையும் வெச்சுக்காது."

"நல்லதுதானேக்கா?"

"வெச்சுக்கலேன்னா, அது எங்க போச்சு?"

நான் சிரித்தேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"உன் கெணறு எத்தன அடி?" என்று கேட்டாள்.

"பதினெட்டு" என்றான். சொல்லும்போதே குரல் தேய்ந்தது.

அன்று மாலையே கண்ணாடிப் புட்டியுடன் அவன் வீட்டுக்குப் போனோம். "வாங்க அண்ணி" என்று தம்பி மனைவி டம்ளர் நிறையத் தண்ணீர் நீட்டினாள். அக்கா வாங்கிக் கீழே வைத்தாள். "நீயும் குடிக்காதம்மா."

மண்ணில் தேடிக் கிடைக்காத மருந்து அந்தக் கிணற்று நீரில் இருந்தது. தம்பிக்கு நான்தான் போனில் சொன்னேன்.

"டாக்டர் தண்ணி நெறையக் குடிக்கச் சொன்னாரு சார்" என்றான். "அவ வேணாம் வேணாம்பா. நான்தான் பக்கத்துலயே நின்னு குடிக்க வெச்சேன்."