தர்பூசணிக்கு அசரியா சார் தந்த மறுப்பு

சேலையூரில் ஒரு வதந்தி செத்தது என்று சொல்லவேண்டுமானால் அதை வேதியியல் ஆசிரியர் அசரியா உறுதிப்படுத்த வேண்டும். பிளாஸ்டிக் அரிசி, ரப்பர் முட்டை என்று எது வந்தாலும் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவர்தான் முன்னின்று அடக்கம் செய்து வைப்பார். ஆனால் முப்பத்தொரு வருடமாக வகுப்பெடுத்த பழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எதிராளியின் கட்சியை முதலில் அழுத்தம் திருத்தமாக எடுத்துரைப்பார். அதன் பிறகுதான் உடைப்பார்.

"முதல்ல விடையச் சொல்லித் தொலைங்களேன்" என்பார் மனைவி யூனிஸ். விஞ்ஞானத்துக்கு அது அழகல்ல என்பது சாரின் துணிபு.

இந்த மே மாதம் வந்த வதந்தி இது: தர்பூசணிக்குள் ஊசியால் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள், தின்றால் மஞ்சள் காமாலை. அசரியா வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, நான்கு பாகங்களாக வீடியோ எடுத்துக் குழுவில் போட்டார். முதல் பாகத்தில் வதந்தி மட்டும் கம்பீரமாக நின்றது. மற்ற மூன்றும் மறுப்பு. எதிர்வீட்டு ரமா முதல் பாகத்தை மட்டும் பார்த்துப் பதறி, 'ஆசிரியரே எச்சரிக்கிறார்' என்று பதினோரு குழுக்களுக்கு அனுப்பிவைத்தார்.

சாயங்காலமே சார் வீட்டு கேட் அருகில் வந்து நின்றாள் கன்னியம்மா. கேம்ப் ரோட்டில் தர்பூசணி விற்பவள்.

"இன்னா சார் நீ? நேத்து எங்கிட்டதான வாங்கித் துன்ன. இன்னிக்கு ஊசின்றியே?"

"நான் அப்படிச் சொல்லலம்மா. இரண்டாம் பாகத்துல தெளிவா..."

"ரெண்டாம் பாகத்த எவன் சார் பாக்குறான்? ஒரு லோடு எறக்கி வெச்சுகினு கீறேன். இந்த வெயிலுக்கு நாளைக்குத் தாண்டாது. அத்தினியும் குப்பை வண்டிக்குத்தான்."

அசரியாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுப்பு எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். யாரும் படிக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் கடை முன்னால் போட்டு உட்கார்ந்தார். ஊரறியத் தின்னத் தொடங்கினார்.

கூட்டம் கூடியது. பழம் வாங்க அல்ல. அவர் கண் மஞ்சளாகிறதா என்று பார்க்க. ஒருவர் இமையை விரித்தே பார்த்துவிட்டுப் போனார்.

நண்பகலில் பதினான்காவது துண்டு உள்ளே போனபோது இயற்கை அழைத்தது. வீடு ஐந்தே நிமிடம்தான். ஆனால் இப்போது எழுந்து ஓடினால் என்ன செய்தி பரவும் என்பது அவருக்குத் தெரியாதா? காலை மடித்தார், நீட்டினார், கால்மேல் கால் போட்டார்.

ரமா ஸ்கூட்டரை நிறுத்தினார். "சார், ஏன் இப்படி நெளியறீங்க? முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது. சாயம் வேலையக் காட்டுதா?"

போன்கள் உயர்ந்தன. வழக்கம்போல 'சிலருடைய கருத்துப்படி' என்ற தொடக்கம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நேரமில்லை.

"ஒண்ணுக்கு வருதும்மா. பதினாலு துண்டு தின்னா யாருக்கும் வரும்."

கத்தியும் கையுமாக நின்ற கன்னியம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு ரோடே சிரித்தது.

"ஓடு சார், ஓடு! ஒன் நாக்காலிய நான் பாத்துக்கறேன்!"

திரும்பி வந்தால் கடையில் வரிசை நின்றது. உண்மை வென்றுவிட்டது என்று சார் முடிவுகட்டினார். அப்போதுதான் போன் அதிர்ந்தது. அவர் தலைதெறிக்க ஓடும் வீடியோ. கீழே ரமாவின் வாசகம்: 'சிறுநீரகக் கல்லை ஒரே நாளில் கரைக்கும் தர்பூசணி! அசரியா சார் நேரடி நிரூபணம்.'

இந்த முறை விடையைத்தான் முதலில் அடித்தார்: 'இது பொய்.' கட்டைவிரல், அனுப்பும் அம்புக்குறிக்கு மேலே நின்றது.

"இன்னா சார் போன நோண்டிகினு கீற? இன்னும் ஒம்போது பழந்தான் விக்கணும்!"

அசரியா உட்கார்ந்தார். எழுந்தார். வரிசையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். அம்புக்குறியை அழுத்தாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"சீக்கிரம் வெட்டும்மா" என்றார்.